கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஆட்டத்தை வைத்துக்கொள்வது?

வேலைக்கும் போய்க்கொண்டு, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு, செஸ், டோட்டா மாதிரி வியூகம் வகுத்து ஆடும் விளையாட்டை எப்படித் தொடர்வது என்று கேட்டால், எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: நேரத்தைக் குறைத்துக்கொள், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வரம்பு வை. எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. வாரத்துக்கு மூன்று மணி நேரம்கூட ஆடாமல் தினமும் வீட்டில் சண்டை வாங்குகிறவர்களைத் தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் போட்டிக்குக் கிளம்பி இருட்டியபின் வந்தாலும் "எத்தனை பாயின்ட்?" என்று மனைவியே கேட்கிற வீடுகளையும் தெரியும். மணிக்கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் ஆட்டத்தில்தான் இருக்கிறது.

எந்த ஆட்டம் வீட்டோடு ஒத்துப்போகும் என்கிற இந்த ஒப்பீட்டை முதலில் என் சித்தி மகனுக்காகத்தான் போட்டேன். திருமங்கலத்துக்காரன். கப்பலூர் சிட்கோவில் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். வைகாசியில் கல்யாணம். ஐந்து ஐந்து பேராக இரண்டு அணி மோதும் டோட்டா என்கிற கம்ப்யூட்டர் ஆட்டம் ஆடுவான், கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்கிற போன் ஆட்டத்தில் ஒரு கிளானுக்கு, அதாவது குழுவுக்கு, தலைவன், போனில் செஸ்ஸும் உண்டு. "அண்ணே, எதை வச்சுக்கிறது, எதை விடுறது?" என்று கேட்டான். நான் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர், மகளை இன்னும் பள்ளியில் சேர்க்கவில்லை. ஆகவே என் கணக்கும் அவன் கணக்கும் ஒன்றாக வராது. இருந்தாலும் எடைபோடுகிற முறை எல்லோருக்கும் பொது.

நான் முதலில் பார்ப்பது இது. சமையலறையிலிருந்து "இன்னும் எவ்வளவு நேரங்க?" என்று குரல் வந்தால், அதற்கு உண்மையான பதில் சொல்ல முடிகிறதா? "இந்தா, அஞ்சே நிமிஷம்" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது. அதைச் சொல்கிறவருக்கும் நம்பிக்கை இருக்காது, கேட்கிறவருக்கும் இருக்காது. அடுத்து, பாதியில் எழுந்து போனால் நஷ்டம் யாருக்கு? எனக்கு மட்டுமா, இன்னும் நாலு பேருக்குமா? அப்புறம், மெஷினை அணைத்த பிறகும் ஆட்டம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்குமா? கல்யாணமானவனைப் பார்த்து "உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்பது நம் பக்கத்து வழக்கம். மீனாட்சி ஆளுகிற ஊரில் அதற்குப் பதில் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஐந்து பேர் ஆட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், அந்த ஒரு மணி நேரம் வீட்டில் நடப்பது மதுரை ஆட்சியும் இல்லை, சிதம்பரம் ஆட்சியும் இல்லை. முகம் தெரியாத நாலு பேரின் ஆட்சி.

ஐந்து பேர் ஆட்டம்: டோட்டா

டோட்டாவில் ஓர் ஆட்டம் சாதாரணமாக 35, 40 நிமிடம் போகும். இழுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ஆள் சேரும்வரை காத்திருப்பதும் ஹீரோ தேர்ந்தெடுப்பதும் இதில் சேராது. தோற்பது உறுதி என்று தெரிந்த பிறகும், செஸ்ஸில் போல ரிசைன் கொடுத்துவிட்டு, அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டு, எழுந்து வர முடியாது. நிறுத்திவைக்க வழி உண்டு என்றாலும் எதிரணி நினைத்தால் அதை எடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். இணைப்பு அறுந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் திரும்பி வராவிட்டால், ஆட்டத்தைக் கைவிட்டவன் என்று பெயர் எழுதிவிடுவார்கள். அப்புறம் 'லோ பிரையாரிட்டி' என்கிற தனி வரிசை. அங்கே சொன்ன எண்ணிக்கையில் ஆட்டங்களை ஜெயித்துக் காட்டினால்தான் வெளியே விடுவார்கள். அதாவது, குழந்தை அழுகிறதே என்று ஒருநாள் எழுந்து போனதற்கு அபராதம், இன்னும் சில மணி நேரம் உட்கார்ந்து ஆடுவது.

நம் ஊரில் இதோடு மின்வாரியத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை, பேப்பரில் ஏரியாப் பெயரோடு முதல் நாளே வந்துவிடும், அதனால் தொல்லை இல்லை. கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று அடிக்குமே, அதுதான் வினை. பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான். கம்ப்யூட்டரும் ரூட்டரும் அணைந்துவிடும். கரன்ட் வருவதற்குள் ஐந்து நிமிடம் ஓடியிருக்கும்.

டோட்டாவை வெறும் ஆட்டம் என்று ஒதுக்கவும் எனக்கு மனசு வரவில்லை. ஹாஸ்டலில் ஒன்றாக ஆடியவர்கள் இன்று ஒருவர் துபாயில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பெங்களூரில் இருக்கிறார்கள். அவர்கள் பேசிக்கொள்கிற ஒரே இடம் அந்த ஹெட்செட்தான். ஆட்டத்தை விட்டால் ஆட்களும் போய்விடுவார்கள். ஆகவே என் தீர்ப்பு பாதிப் பாதி. ரேட்டிங்குக்கு ஆடும் ரேங்க்டு டோட்டா, வேலை நாள் இரவுகளில் கல்யாணமானவருக்கு ஒத்துவராது. நண்பர்களைப் பார்க்கிற சந்திப்பு என்று வைத்துக்கொண்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ரேங்க் இல்லாமல் ஆடுவது வேறு விஷயம். "சனிக்கிழமை ராத்திரி பசங்களோட" என்று சொன்னால் எந்த மனைவிக்கும் புரியும். "எம்.எம்.ஆர் ஏத்தணும்" என்று டோட்டா ரேட்டிங் எண்ணைச் சொன்னால் புரியாது. புரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

'ஒண்ணு ஜெயிச்சிட்டு வந்துடறேன்'

டோட்டா ஆனாலும் செஸ் ஆனாலும், ரேட்டிங் ஆட்டம் ஆடுகிற எல்லோரும் சொல்கிற வாக்கியம் இது. இதிலிருக்கும் கோளாறை என் மனைவிதான் ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் கணக்காகப் போட்டுக் காட்டினாள். ரேட்டிங் முறையின் வேலையே நமக்குச் சமமான ஆளைக் கொண்டுவந்து எதிரில் உட்காரவைப்பது. நாம் முன்னேறினால் அடுத்து வருகிறவரும் பலசாலியாக இருப்பார். ஆகவே எவ்வளவு தேர்ந்தாலும் ஜெயிக்கிற வாய்ப்பு பாதியை ஒட்டியே நிற்கும். முதல் ஆட்டத்தில் தோற்க வாய்ப்பு 1/2. இரண்டு ஆட்டமும் தோற்க 1/4. மூன்றும் தோற்க 1/8.

அப்படியென்றால் 'ஒன்று ஜெயித்தால் எழுந்துவிடுவேன்' என்ற விதியை யோக்கியமாகக் கடைப்பிடிக்கிறவருக்குக்கூட, எட்டு இரவில் ஒரு இரவு மூன்று தோல்வி வரிசையாக விழும். ஓர் ஆட்டம் 40 நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம் ஆடியும் எழுந்திருக்க முடியாது. தோற்ற கடுப்பில் ஆடினால் ஆட்டம் இன்னும் மோசமாகும், ஆகவே நிஜக் கணக்கு இதைவிடப் பாதகமாகத்தான் இருக்கும். எத்தனை ஆட்டம் என்பதை உட்காரும் முன்பே முடிவு செய்துகொண்டால் இந்தச் சிக்கல் போய்விடும். இரண்டு என்றால் இரண்டு, தோற்றாலும் இரண்டுதான். எந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டாலும் இந்த ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்.

தனி ஆள் ஆட்டம்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2

பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்து தொடர்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. ஊரைக் கட்டி, படை சேர்த்து எதிரியை வீழ்த்தும் ஆட்டம், 1999-ல் வந்தது. 2019-ல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று புதுப்பித்த பதிப்பாகத் திரும்பி வந்த பிறகு பழைய ஆட்கள் எல்லாம் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். 2022-ல் திராவிடர்களையும் ஒரு நாகரிகமாகச் சேர்த்தார்கள். சுருள்வாள் வீசும் வீரர்கள், திரிசடை என்கிற போர்க்கப்பல், கவசத்தை ஊடுருவும் உருக்குத் தொழில்நுட்பம் எல்லாம் உண்டு. ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு கேம்பெயினும், அதாவது கதையாக ஆடும் போர்த்தொடரும், இருக்கிறது. பாண்டிய நாட்டுக்காரனான நான் சோழனுக்காகப் படை நடத்துவதில் கொஞ்சம் சங்கடம் இருக்கத்தான் செய்கிறது.

ஒருவருக்கு ஒருவர் ஆடினால் பெரும்பாலும் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். டோட்டாவுக்கும் இதற்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பாதியில் எழுவதில்தான் வித்தியாசம். அழைப்பு மணி அடித்து, மாமனார் மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் ரிசைன் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம். போவது என் ரேட்டிங் மட்டும்தான். எதிராளிக்குச் சந்தோஷம். யாரும் என்னைத் திட்டப் போவதில்லை. இந்தச் சுதந்திரம் இருப்பதாலேயே, வாரத்தில் இரண்டு இரவு, குழந்தை தூங்கிய பிறகு இரவுக்கு ஒரு ஆட்டம் என்ற ஏற்பாடு இதில் சாத்தியமாகிறது. நால்வர் அணியாகச் சேர்ந்து ஆடினால் மறுபடி டோட்டா கதைதான், அதைத் தவிருங்கள்.

ஒரு குறை உண்டு. முதல் பத்து நிமிடம் கண்ணைக்கூட எடுக்க முடியாது. கிராமவாசி ஒருவரை உருவாக்க 25 விநாடி. அந்த வரிசை அறுபடாமல் பார்த்துக்கொள்வதில்தான் பாதி வெற்றி. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் பேசினால் காதில் விழும், மண்டையில் ஏறாது. "கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லி, மறுநாள் என்ன கேட்டோம் என்று தெரியாமல் முழிப்பவர்கள் அந்தப் பத்து நிமிடத்தில்தான் மாட்டியிருப்பார்கள். ஆட ஆரம்பிக்கும் முன்பே பேச வேண்டியதைப் பேசி முடித்துவிடுவது நல்லது.

போனில் பிளிட்ஸ்

எனக்கு இருப்பதிலேயே பிடிக்காத தேர்வு இதுதான். பலரும் இதைத்தான் குடும்பத்துக்கு ஏற்றது என்று சொல்வார்கள். பிளிட்ஸ் என்றால் அதிவேகச் செஸ்: ஆளுக்கு மூன்று நிமிடம், நகர்த்தலுக்கு இரண்டு விநாடி கூடுதல். ஓர் ஆட்டம் பத்து நிமிடத்துக்குள் முடிகிறது. எழுந்து போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. என் மூன்று கேள்வியில் இரண்டில் முழு மார்க் வாங்கிவிடும்.

ஆனால் இது கடலை கொறிப்பது மாதிரி. ஒன்றோடு நிற்காது, எவ்வளவு தின்றோம் என்றும் தெரியாது. டோட்டாவுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார வேண்டும், ஆகவே ஆடுகிறோமா இல்லையா என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிளிட்ஸ் சாப்பாட்டு மேஜைக்கு வரும், படுக்கைக்கு வரும், மாமனார் வீட்டுத் திண்ணைக்கும் வரும். ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய நேரம் எதுவும் இல்லாததால், குடும்பத்துக்கென்று ஒதுக்கிய நேரமும் இல்லாமல் போகிறது. ஆபீஸிலும் இதே கதைதான். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் வெப்சைட் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஓர் ஆட்டம் என்று ஆரம்பித்தால், ரிட்டர்ன் காத்திருக்கும், ஆட்டம் காத்திருக்காது. செஸ்ஸில் முன்னேறவும் இது உதவாது. பழகிப்போன தப்பையே இன்னும் வேகமாகச் செய்யத்தான் பழகுவோம்.

கிளான் வார்

கிளாஷ் ஆஃப் கிளான்ஸை முதலில் நான் கீழே வைத்திருந்தேன். அடுத்து யோசித்தபோது மேலே ஏறிவிட்டது. ஷிப்டில் வேலை பார்க்கிறவருக்கு இதைப்போல வசதியான போட்டி ஆட்டம் வேறு இல்லை. இரண்டு கிளான்கள் மோதும் ஒரு போர் என்றால் தயாரிப்புக்கு ஏறக்குறைய ஒரு நாள், சண்டைக்கு ஒரு நாள். அந்த 24 மணி நேரத்துக்குள் ஆளுக்கு இரண்டு தாக்குதல், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். லீக் என்றால் ஏழு நாள், நாளுக்கு ஒரு தாக்குதல். எப்போது ஆடுவது என்பது நம் இஷ்டம். "இன்னும் எவ்வளவு நேரங்க?" என்றால் "மூணு நிமிஷம்" என்று சத்தியம் பண்ணியே சொல்லலாம்.

சிக்கல் தாக்குதலில் இல்லை, தலைவர் பதவியில்தான் இருக்கிறது. யார் அடிக்கவில்லை, எதிரியின் எந்த ஊரை யார் தாக்குவது, எந்த மச்சான் எந்த மாப்பிள்ளையோடு சாட்டில் முட்டிக்கொண்டான் என்பதையெல்லாம் பார்க்கவேண்டியவர் தலைவர். நம் பக்கத்து கிளான்களில் பாதி சொந்தக்காரர்கள்தான், ஆகவே உள்ளே நடக்கிற சண்டை அப்படியே காதுகுத்து வீடுவரை வரும். சம்பளமில்லாத சூப்பர்வைசர் வேலை அது. சித்தி மகனுக்கு நான் சொன்னது: ஆட்டத்தை வைத்துக்கொள், பதவியைக் கொடுத்துவிடு. அவனுக்கு முதல் பாதி பிடித்தது.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டத்துக்குள் காசு கொடுத்து ஜெம் வாங்குவது, பாஸ் வாங்குவது எல்லாம் சின்னச் சின்னத் தொகைதான். ஆனால் அக்கவுன்டில் ஒரு 'கேம்' பெயர் வந்துவிட்டால், வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே ரம்மி ஞாபகம் வரும். அவர்கள் பயத்தில் தப்பே இல்லை. ஆன்லைன் ரம்மியால் கடனாளியாகி உயிரைவிட்டவர்கள் பற்றிய செய்திகளைத் தமிழ்நாடு நிறையப் பார்த்துவிட்டது. 2022-ல் மாநில அவசரச் சட்டம் வந்தது, 2023-ல் அது முழுச் சட்டமானது. 2025-ல் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை தடை என்று விதி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே மொத்தமாகத் தடுத்து, இ-ஸ்போர்ட்ஸ் என்கிற கம்ப்யூட்டர் ஆட்டப் போட்டிகளைத் தனியாக அங்கீகரித்துச் சட்டம் கொண்டுவந்தது. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் டோட்டாவுக்குப் பதக்கமே உண்டு என்று மாமனாரிடம் எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம்தான். அதைவிட, இந்த ஆட்டத்தில் பணம் வைப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை என்று ஒரே வரியில் சொல்வது எடுபடும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஜெம் வாங்காமல் இருக்கவேண்டும்.

நாளுக்கு ஒரு நகர்த்தல்

நகர்த்தலைத் தபாலில் எழுதி அனுப்பி ஆடிய கடிதச் செஸ்ஸின் இன்றைய வடிவம் இது. லிச்செஸ், செஸ்.காம் என்கிற இரண்டு இணையதளங்களிலும் உண்டு. ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாளிலிருந்து 14 நாள்வரை அவகாசம் வைத்துக்கொள்ளலாம். மூன்று நாள் என்பது நல்ல நடுத்தர அளவு. காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்து, மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவிவைத்த பிறகு நகர்த்தலாம். அதுவே அன்றைய ஆட்டம். ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று ஆட்டத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. இருபது ஆட்டம் திறந்துவைத்தால் அது இன்னொரு ஆபீஸ்.

இது மாட்டுவது என் மூன்றாவது கேள்வியில்தான். போன் பையில் இருக்கும், குதிரை மண்டைக்குள் ஓடும். சாம்பார் எப்படி என்று கேட்டால் "ம்" என்பீர்கள். "எங்க இருக்கீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். இதற்கு என்ன மருந்து என்று எனக்குப் பிடிபடவில்லை. நகர்த்திய பிறகுதான் வீட்டுக்குள் நுழைவது என்று வைத்துக்கொண்டால் கொஞ்சம் குறைகிறது.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டி

கடைசியாக, பார்த்தவுடன் இருப்பதிலேயே மோசமாகத் தெரிகிற தேர்வு. ஞாயிறு காலை எட்டரைக்குச் செஸ் போட்டிக்காக ஏதோ ஒரு பள்ளியிலோ கல்யாண மண்டபத்திலோ போய் நின்றால், பரிசளிப்பு முடிந்து வெளியே வர சாயங்காலம் ஆகிவிடும். வாரத்தின் ஒரே விடுமுறை முழுக்கப் போய்விடுகிறது. இருந்தாலும் என் பட்டியலில் இதுதான் முதலிடம்.

எப்போது முடியும் என்பது முந்தின வாரமே தெரியும் என்பது முதல் காரணம். நம் பக்கத்து ரேபிட் போட்டிகள் ஸ்விஸ் முறையில் நடப்பவை. தோற்றால் வெளியே என்பது கிடையாது. ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லாச் சுற்றும் ஆடலாம், ஆகவே ஒன்று ஜெயித்துவிட்டு வருகிறேன் என்கிற பேச்சுக்கே இடமில்லை. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில் ரேபிட் என்றால் ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குக் கீழ். 15 நிமிடமும் நகர்த்தலுக்குப் பத்து விநாடியும் என்று வைத்தால், அறுபது நகர்த்தல் போகிற ஆட்டம்கூட 50 நிமிடத்தில் முடியும். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் சில நூறு ரூபாய். முதல் ரேட்டிங் வாங்க, ரேட்டிங் உள்ள ஐந்து பேரோடாவது ஆடியிருக்க வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து அடிமட்டம் 1400 என்று ஆக்கிவிட்டார்கள், ஆகவே பெயர் பட்டியலில் ஏறுவதற்கே உருப்படியாக ஆட வேண்டும். வாங்கிவிட்டால் அது எங்கும் போகாது. ஓராண்டு ஆடாமல் இருந்தால் 'ஆட்டத்தில் இல்லை' என்று ஒரு குறி போடுவார்கள், எண் அப்படியே இருக்கும். மனைவியின் பிரசவம், வீட்டு வேலை, அப்பாவின் ஆபரேஷன் என்று ஒரு வருடம் போனாலும் திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம்.

இன்னொரு காரணம், போட்டிக்கு வெளியே அது தொற்றிக்கொள்வதில்லை. வருகிற மாதம் போட்டி இருக்கிறது என்கிற நினைப்பே வேலை நாள் இரவுகளில் போனைத் தொடாமல் இருக்க உதவுகிறது. தயார் செய்ய வேண்டுமென்றால் அரை மணி நேரம் புதிர் போட்டால் போதும். நடுவில் எழுப்பினாலும் புதிர் ஓடிப்போகாது.

ரோஷக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட், 2024-ல் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன். அதற்கப்புறம் எந்த ஊர்ப் போட்டிக்குப் போனாலும் எதிரில் உட்காருவது பெரும்பாலும் நாலாங்கிளாஸ் பையனாகவே இருக்கிறான். கால் தரையைத் தொடாது. நாம் யோசிக்கும்போது கூரையைப் பார்ப்பான். ஜன்னல் வழியாக அவன் அம்மா தண்ணீர் பாட்டிலோடு எட்டிப்பார்ப்பார். இருபது நிமிடத்தில் நம் ராணியைத் தூக்கிவிட்டு "தேங்க்யூ அங்கிள்" என்று கைகொடுத்துவிட்டு ஓடுவான். ஆன்லைன் தோல்விக்கு இல்லாத ஒரு நன்மை இதில் உண்டு. வீட்டுக்கு வந்து சொன்னால் எல்லோரும் சிரிக்கலாம்.

இதற்கு எதிரி ஆபீஸும் இல்லை, மனைவியும் இல்லை, முகூர்த்தம்தான். மதுரைப் பக்கம் ஞாயிறும் முகூர்த்தமும் சேர்ந்து வந்தால் குறைந்தது இரண்டு பத்திரிகையாவது வீட்டில் இருக்கும். நமக்கு மொய் செய்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் செஸ் ஆடப் போனேன் என்று சொல்லிப் பாருங்கள். ஆகவே போட்டி அறிவிப்பு வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது தினசரி காலண்டரை. முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும் நமக்கு நல்ல மாதங்கள். என் தொழிலில் ஆடியின் முதல் பாதியை ஜூலை 31 வருமான வரிக் கெடு விழுங்கிவிடும். வேலை நாட்களில் மாதா மாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜி.எஸ்.டி.க்குப் போய்விடும். மனைவிக்கு மார்ச் மாதம் பொதுத்தேர்வு. மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம். சித்திரையில் ஊரே ரோட்டில் இருக்கும். தங்கச்சி கல்யாணத்துக்கு நேரத்துக்கு வராமல் ஆற்றோடு திரும்பிப் போன அழகரையே இந்த ஊர் வருடா வருடம் நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறது, நாம் தாமதமாகப் போனால் விடுவார்களா? எல்லாம் கழித்து மீதி நிற்பது வருடத்தில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஞாயிறுகள். போட்டி ஆடுகிறவன் என்று சொல்லிக்கொள்ள அது போதும்.

ஒரு நிபந்தனை உண்டு. எனக்கு ஒரு ஞாயிறு என்றால் மனைவிக்கும் ஒரு ஞாயிறு. அன்று குழந்தையும் சமையலும் என் பொறுப்பு. அவள் அம்மா வீட்டுக்குப் போவாளோ, தோழிகளோடு சினிமாவுக்குப் போவாளோ, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாளோ, கேட்கக் கூடாது. இது இல்லாமல் இந்தத் தேர்வை எடுத்தால் மற்ற எல்லாவற்றையும்விட மோசமாக முடியும்.

முழுக்க விட்டுவிடுவது

பெரியவர்கள் சொல்கிற தீர்வு. ஆறு மாதம் நன்றாகப் போகும், பிறகு அந்த இடத்தை ரீல்ஸ் பிடித்துக்கொள்ளும். ஆடுகிறவருக்கு யோசிக்கிற சுகமும் போய், வீட்டுக்கு நேரமும் மிஞ்சாது. ஆனால் ஒருசிலருக்கு இதுதான் சரி. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு தனி நோயாக இருக்கிறது. ஆட்டத்தின்மேல் கட்டுப்பாடு போய்விடுவது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுப்பது, கெடுதல் கண்கூடாகத் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடிப்பது என்பது அதன் அடையாளம். அந்த நிலையில் இருப்பவருக்கு இந்த ஒப்பீடு உதவாது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போவதுதான் முறை.

'மனைவியையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்' என்றும் ஒரு யோசனை சொல்வார்கள். அவருக்கே ஆசை இருந்தால் நல்லது. இல்லையென்றால், ஏற்கெனவே இருக்கிற வேலைகளோடு நம்மைச் சந்தோஷப்படுத்த ஆடுவது என்று இன்னொரு வேலையையும் அவர் தலையில் கட்டுகிறோம். என் மனைவிக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் சுத்தமாகப் பிடிக்காது. ஆடு புலி ஆட்டத்தில் மட்டும் அவளுக்குப் பதினைந்து ஆட்டைக் கொடுத்தால் என் மூன்று புலியையும் கட்டிவிடுவாள்.

ஆக, பகல் வேலையும் கைக்குழந்தையும் இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியையும் நாளுக்கு ஒரு நகர்த்தலையும் வைத்துக்கொள்ளலாம். இரவில் ஓர் ஆட்டமாவது வேண்டும் என்கிறவர்களுக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், நாள் குறித்து, எண்ணிக்கை வைத்து. சித்தி மகனைப் போல ஷிப்ட் மாறுகிறவர்களுக்கு, பதவி இல்லாத கிளான் வார், மாதம் ஒரு சனிக்கிழமை டோட்டா. புதுசாகக் கல்யாணமானவர்கள் முதல் ஆடியில் பெண் அம்மா வீட்டுக்குப் போகும் என்று கணக்குப் போட்டு ஒரு மாதம் ரேங்க் ஏற்றத் திட்டமிட வேண்டாம். இந்தக் காலத்தில் வீடியோ கால் வரும்.

எந்தத் தேர்வானாலும் கம்ப்யூட்டரைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றிவிடுங்கள். கீபோர்டு சத்தமும் வெளிச்சமும் தூங்குகிறவருக்குத் தொல்லை. எலக்ட்ரீஷியனை வரவழைத்து இன்வெர்ட்டரிலிருந்து ரூட்டருக்கு ஒரு லைன் இழுக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால், கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும் என்று வீட்டில் எப்போதிருந்தோ சொல்லிக்கொண்டிருப்பார்களே, அந்த வேலையை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்.